கொடியிடையும் மட்டை வீச்சும்

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். முதல் ஏழும் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொதுவானவை. கடைசி மூன்றில்தான் இருவரும் பிரிகிறார்கள். ஆண்பிள்ளை சிற்றிலைச் சிதைக்கிறான், சிறுபறையைக் கொட்டுகிறான், சிறுதேரை உருட்டுகிறான். பெண்பிள்ளை அம்மானை ஆடுகிறாள், நீராடுகிறாள், ஊசலில் அமர்கிறாள். சில நூல்களில் கழங்கும் உண்டு. முதுகலை வகுப்பில் இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதும்போது வினைச்சொற்களை மட்டும் பார்க்கச் சொல்வேன். அவன் இடிக்கிறான், அடிக்கிறான், தெருவில் ஓடுகிறான். அவள் கைக்கெட்டும் தூரத்துக்குள் வீசி, அந்தத் தூரத்துக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறாள்.

இத்தனைக்கும் பந்து நம் இலக்கியத்தில் பெண்ணின் பொருள். சங்கப் பாடல்களில் உடன்போக்கு போய்விட்ட மகளை நினைத்து அழும் தாயின் கண்ணில் முதலில் படுவது மகள் விட்டுச்சென்ற பந்தும் பாவையும்தான். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பெண்கள் மன்னனை வாழ்த்திக் கந்துக வரி பாடிப் பந்தடிக்கிறார்கள். சீவக சிந்தாமணியில் விமலையின் பந்து தெருவுக்கு வந்துவிடுகிறது, அதைத் தொடர்ந்து சீவகன் அவளைப் பார்க்கிறான், திருமணத்தில் முடிகிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடிக்கொண்டிருக்கும்போதுதான் திரிகூடநாதரின் பவனி வருகிறது. பெருங்கதையில் பந்தடிக்கென்றே தனிப்பகுதி உண்டு. யார் எத்தனை முறை அடித்தார்கள் என்ற எண்ணிக்கைகூட அதில் இருக்கிறது. பெண்ணின் ஆட்டத் திறனுக்குக் கணக்கு வைத்த அபூர்வமான இடம் அது. ஆனால் அந்தப் பகுதிக்குப் பெயர் ‘பந்தடி கண்டது’. ஆடியவர்கள் பெண்கள், கண்டவன் உதயணன், தலைப்பு கண்டவனுக்குப் போய்விட்டது.

கண்டவர்கள் எதைக் கண்டார்கள்? பெரும்பாலும் இடையை. பந்து எழுகிறது, வளை ஒலிக்கிறது, கூந்தல் அவிழ்கிறது, கடைசியில் எல்லாப் புலவர்களும் வந்து சேரும் கவலை ஒன்றுதான்: இந்த இடை தாங்குமா, ஒடிந்துவிடாதா? கொடியிடை, நூலிடை, துடியிடை, மின்னிடை என்று இத்தனை நூற்றாண்டுகளாக உவமைகளை அடுக்கி ஒரு முடிவை நிலைநாட்டியிருக்கிறோம். பெண்ணுடலின் மையம் பலவீனமானது; அது பார்க்கத்தக்கது, பயன்படுத்தத்தக்கதல்ல.

அந்த முடிவைப் பொய்யாக்கும் ஒரு விளையாட்டைச் சில ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறேன். எங்கள் கல்லூரியின் சாஃப்ட்பால் அணிக்குப் பொறுப்பாசிரியராக என்னைப் போட்டார்கள். வருகைப் பதிவும் பயணப்படிக் கணக்கும் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் மாலை நேரங்களில் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் வகுப்பில் நடத்தும் பாடங்களுக்கு நேர் எதிரான ஒரு பாடம் அங்கே நடப்பதைக் கவனித்தேன். அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

துடைப்பக் கட்டையில் தொடங்கிய ஆட்டம்

சாஃப்ட்பாலின் முதல் மட்டை ஒரு துடைப்பக் கட்டை. 1887 நவம்பரில், அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஃபராகட் படகுக் கழகத்தின் கூடத்தில் கூடியிருந்த ஆண்கள், யேல் - ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் கால்பந்து முடிவுக்காகக் காத்திருந்தார்கள். முடிவு வந்த உற்சாகத்தில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைக் கட்டையால் அடித்தார். அங்கே இருந்த ஜார்ஜ் ஹான்காக் என்ற செய்தியாளர் கையுறையைப் பந்துபோல் கட்டி, அறைக்குள் ஆடும் பேஸ்பாலாக அதற்கு விதிகள் வகுத்தார். பூனைக்குட்டிப் பந்து, பூசணிப் பந்து என்றெல்லாம் அதற்குக் கேலியும் செல்லமுமான பெயர்கள் இருந்தன. சாஃப்ட்பால் என்ற பெயரை 1926இல் முன்மொழிந்தவர் டென்வர் நகர ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வால்டர் ஹகன்சன். பெயரில்தான் மென்மை. இன்றைய பந்து தோல் தைத்த கெட்டிப் பந்து. சுற்றளவு 12 அங்குலம், எடை ஏறத்தாழ 190 கிராம்.

ஆண்களின் குளிர்கால விளையாட்டாகப் பிறந்தது மெல்ல மெல்லப் பெண்களின் பக்கம் தள்ளப்பட்டது. 1895இல் சிகாகோவின் ஒரு உயர்நிலைப் பள்ளியில் முதல் பெண்கள் அணி உருவானது. அவர்களுக்குப் பயிற்சியாளர் கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. பேஸ்பாலில் பந்து வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே அறுபதரை அடி. பெண்கள் சாஃப்ட்பாலில் 43 அடி. அங்கே ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 90 அடி, இங்கே 60. அங்கே ஒன்பது சுற்று; இங்கே ஏழு. பந்து மட்டும் பெரிது. பெண்ணுக்கு ஏற்றபடி சிறியதாக்கப்பட்ட ஆட்டம் என்றே பலரும் இதைப் பார்த்தார்கள்.

பெரிய ஆட்டத்தின் கதவோ அவர்களுக்கு வெளிப்படையாகவே அடைக்கப்பட்டது. 1931இல் ஜாக்கி மிட்செல் என்ற 17 வயதுப் பெண், ஒரு காட்சி ஆட்டத்தில் பேப் ரூத், லூ கெரிக் என்ற இரு பெரும் ஆட்டக்காரர்களை அடுத்தடுத்து வெளியேற்றினார். 1952இல் தொழில்முறை பேஸ்பால் கழகங்கள் பெண்களை ஒப்பந்தம் செய்யக் கூடாதென்று தடை வந்தது. இடையில், இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போயிருந்த 1943இல், பெண்களுக்கென்று தொழில்முறை லீக் ஒன்று தொடங்கி 1954 வரை நடந்தது. பெரும்பாலும் சாஃப்ட்பால் ஆடி வளர்ந்தவர்களே அதில் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் குட்டைப் பாவாடைதான் சீருடை. மண்ணில் சறுக்கித் தளத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் தொடையின் தோல் உரிந்தது. ஆட்டப் பயிற்சியோடு நடையுடை பாவனைக்கும் ஒப்பனைக்கும் வகுப்பு எடுத்தார்கள். ஆடத் தெரிந்தால் போதாது, ஆடும்போதும் பெண்ணாகத் தெரிய வேண்டும். கந்துக வரி பாடிய காலத்திலிருந்து இந்த நிபந்தனை மாறவில்லை.

1972இல் மரியா பெப்பே என்ற சிறுமி நியூஜெர்சியில் சிறுவர் லீக் பேஸ்பாலில் மூன்று ஆட்டங்கள் ஆடியதும் நிறுத்தப்பட்டார். வழக்கு நடந்தது, 1974இல் சிறுமியருக்கும் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் அந்த அமைப்பு சிறுமியருக்கெனத் தனியாக சாஃப்ட்பாலைத் தொடங்கியது. கதவைத் திறந்த கையே பக்கத்துக் கதவையும் காட்டியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆண்களுக்குப் பேஸ்பால், பெண்களுக்கு சாஃப்ட்பால் என்ற பிரிவினை உலக அளவில் உறுதியானது. 2005இல் இரண்டையும் நீக்க முடிவெடுத்தார்கள். 2008 பெய்ஜிங் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை வீழ்த்திய ஜப்பானின் யுகிகோ உவெனோ, இரண்டே நாள்களில் 413 பந்துகள் வீசியிருந்தார். சிறியதாக்கப்பட்ட ஆட்டத்துக்குள் பெண்கள் எதைக் கொண்டுவந்து நிரப்பினார்கள் என்பதற்கு அந்த எண் போதும். டோக்கியோவில் 2021இல் ஆட்டம் திரும்பியது. மீண்டும் ஜப்பானுக்கே தங்கம். 2028 லாஸ் ஏஞ்சலிஸிலும் அது இருக்கிறது.

அடையாற்றங்கரையும் தாம்பரமும்

அமெரிக்க மைதானங்களின் பாடத்திட்டம் சென்னைக்கு வந்து நூறாண்டு ஆகிவிட்டது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். கூடைப்பந்து பிறந்தது அந்த ஸ்பிரிங்ஃபீல்டில்தான். பின்னாளில் அடையாற்றங்கரையில் நந்தனத்தில் நிலைகொண்ட அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் நம் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். அதே காலத்தில்தான் பெண்களின் உயர்கல்வியும் இந்த நகரத்தில் வேர்விட்டது. 1914இல் ராணி மேரிக் கல்லூரி, 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரி. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. தென்புறநகரம் என்று இன்று நாம் சொல்லும் கல்லூரிகளின் நிலப்பரப்பு அப்படித்தான் தொடங்கியது. இந்திய சாஃப்ட்பால் சங்கம் 1961இல் ஜோத்பூரில் உருவானது. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இன்று உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கான சட்டம் 2004இல் வந்தது.

நிறுவனங்கள் வந்தன. ஆனால் எந்த ஆட்டம் யாருக்கு என்ற பங்கீடு வேறொரு கணக்கில் நடந்தது. தொண்ணூறுகளில் நான் படித்த பள்ளியில் பெண்களுக்கு வளையப்பந்தும் எறிபந்தும். இரண்டிலும் பொருளைப் பிடிக்கிறோம், திருப்பி அனுப்புகிறோம். ரப்பர் வளையம் யாரையும் காயப்படுத்தாது. பாவாடை தாவணியோடும் ஆடலாம். நல்ல ஆட்டங்கள்தாம், நானும் ஆசையாக ஆடினேன். ஆனால் ஒரு பொருளை முழு உடம்பின் வலுவோடு ஓங்கி அடி என்று பள்ளிக்காலம் முழுக்க ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை. கிரிக்கெட் மட்டை பையன்களின் பக்கம் இருந்தது. கிட்டிப்புள்ளில் எங்களுக்குப் புல் பொறுக்கிக் கொடுக்கும் வேலை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் வரை வண்டியில் போய்ப் பாருங்கள். ஏரிகளையும் வயல்களையும் அடுக்குமாடிகள் தின்றதுபோக மிச்சமிருக்கும் ஒவ்வொரு வெட்டவெளியிலும் ஒரே நேரத்தில் நான்கைந்து கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்துகொண்டிருக்கும். ஆடுபவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் அந்த மைதானத்தின் விளிம்பில் நடைப்பயிற்சி போகிறார்கள், பந்து வந்து படாமல் ஒதுங்கி.

இடுப்பு எங்கே போச்சு?

எங்கள் அணியின் பயிற்சியாளர் ஒரு பெண். புதிதாக மட்டை பிடிக்கும் மாணவியிடம் அவர் முதலில் கேட்கும் கேள்வி, “ஏய், இடுப்பு எங்க போச்சு?”

முதல் நாள் யாரும் இடுப்பால் அடிப்பதில்லை. கையால் அடிக்கிறார்கள். பந்து வந்ததும் இரண்டு கைகளையும் உடம்பை விட்டு வெளியே நீட்டி, மட்டையை ஒரு பெரிய வட்டமாகச் சுழற்றுகிறார்கள். கால் நட்டுவைத்த கம்பமாக நிற்கும். தோளுக்குக் கீழே எதுவும் அசையாது. மட்டை தாமதமாக வரும். பட்டாலும் பந்து பக்கத்திலேயே விழும்.

வீச்சின் இயக்கம் கீழிருந்து மேலே போகிறது. பாதங்கள் தோளகலத்தைவிடச் சற்று விரிந்து, முழங்கால் தளர்ந்திருக்க வேண்டும். பந்து வீசுபவரின் கை சுழலத் தொடங்கும்போது எடை பின்காலுக்குப் போகிறது. பிறகு முன்கால் ஒரு சிறிய அடி எடுத்து, முட்டையின்மேல் வைப்பதுபோல் மெதுவாகத் தரையைத் தொடுகிறது. கைகள் அப்போதும் பின்னேயே நிற்கின்றன. இப்போதுதான் இடுப்பு திரும்புகிறது. பின்குதிகால் எழும்ப, தொப்புள் பந்து வீசுபவரைப் பார்க்கிறது. இடுப்பு உடற்பகுதியை இழுக்க, அது தோளை இழுக்க, தோள் கையை இழுக்க, கடைசியாக மட்டை வருகிறது. பந்தோடு மோதும் கணத்தில் மேல்கையின் உள்ளங்கை வானத்தையும் கீழ்க்கையின் உள்ளங்கை மண்ணையும் பார்க்கின்றன. முன்கால் விறைத்து எல்லாவற்றையும் தாங்குகிறது. தலை மட்டும் அசைவதில்லை. மட்டை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. சங்கிலியை இழுப்பது இடுப்பு.

இதைப் பழக ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். மட்டையை இடுப்புக்குப் பின்னால் குறுக்காக வைத்து இரண்டு முழங்கை மடிப்பிலும் மாட்டிக்கொண்டு, கையில்லாமலே இடுப்பை மட்டும் திருப்ப வேண்டும். நாளைக்கு நூறு முறை. முதல் வாரம் அந்த இடத்தில் ஒரே சிரிப்பாக இருக்கும். எதிரே சாலையில் யாராவது நின்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும், இடுப்பும் நின்றுவிடும். முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து சொன்னாள்: “வீட்ல இடுப்ப ஆட்டி நடக்காதன்னு அடிச்சு வளத்தாங்கம்மா. இங்க இடுப்ப ஆட்டலன்னு திட்டு வாங்குறேன்.”

பெண்ணிய மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங், 1980இல் வெளிவந்த தம் கட்டுரையில் இதைத்தான் ஆராய்ந்தார். ‘பெண்ணைப்போல எறிவது’ என்று கேலியாகச் சொல்லப்படும் அசைவை எடுத்துக்கொண்டு, பெண்கள் ஏன் முழு உடலையும் செயலில் இறக்காமல் ஒரு கையை மட்டும் அனுப்புகிறார்கள் என்று கேட்டார். எலும்பிலோ தசையிலோ அவர் விடையைத் தேடவில்லை. தன் உடலைச் செயலின் கருவியாக அனுபவிக்கும் அதே நேரத்தில், பிறர் பார்க்கும் பொருளாகவும் ஒரு பெண் அனுபவிக்க நேர்கிறது. அந்த இரட்டை நிலையில் அசைவு பாதியில் தடைபடுகிறது. உடலின் ஒரு பகுதி நகர, மற்றவை அசையாமல் நின்றுவிடுகின்றன. இது யங் சொன்னதன் சாரம். சாலையைப் பார்த்ததும் நின்றுபோகும் இடுப்பு எனக்கு அந்தக் கட்டுரையின் விளக்கப் படமாகத் தெரிகிறது. நான் அதோடு சேர்த்துக்கொள்வது ஒன்றுதான். நம் மொழியில் அந்தப் பார்வைக்கு நீண்ட செய்யுள் மரபும் இருக்கிறது. கொடியிடை என்று கேட்டு வளர்ந்த உடம்பு, இடையை முறித்துவிடாமல் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போகக் கற்றிருக்கிறது.

பயிற்சி தொடங்கி நான்கைந்து மாதங்களில் ஒரு நாள் சத்தம் மாறும். அலுமினிய மட்டையில் பந்து சரியான இடத்தில் படும்போது எழும் கணீர் ஒலி. அடித்தவளுக்கே முதலில் நம்பிக்கை வராது. கையில் வலியே இல்லை, பந்து மட்டும் போய்விட்டது என்பாள். வலியில்லாமல் போனதற்குக் காரணம் கை அந்த வேலையைச் செய்யவில்லை என்பதுதான்.

உள்ளே, வெளியே

வீச்சைக் கற்றுக்கொள்வது பாதி வேலை. பந்து ஒரே இடத்துக்கு வருவதில்லை. அடிப்பவரின் அக்குளுக்கும் முழங்காலின் மேற்பகுதிக்கும் இடையே, 17 அங்குல அகலத் தளத்துக்கு மேலே கற்பனையாக நிற்கும் ஒரு சன்னல் இருக்கிறது. அதற்குள் வரும் பந்தை விட்டுவிட்டால் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியே. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகமுள்ள பந்து கையை விட்டுத் தளத்தை அடைய ஏறத்தாழ 0.4 வினாடிதான். அதற்குள் எங்கே வருகிறது என்று கண்டு, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, வீசியும் முடிக்க வேண்டும்.

பந்தை ஒரு தாங்கியின் மேல் நிறுத்திவைத்து இதைப் பழக்குகிறார்கள். வலக்கை ஆட்டக்காரி ஒருத்தியை வைத்துக்கொள்வோம். உடம்பையொட்டி உள்ளே வரும் பந்துக்குத் தாங்கி முன்பாதத்துக்கு முன்னால் இருக்கும். அதை முன்கூட்டியே சந்திக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பை முழுக்கத் திறந்து இடப்புறம் அடிக்க வேண்டும். நடுவில் வருவதை முன்பாதத்தின் நேர்கோட்டில் சந்தித்தால் அது நடுக்களத்துக்குப் போகும். வெளிப்பந்துதான் பொறுமையைச் சோதிப்பது. அது எட்டப் போவதுபோல் தெரிவதால் கை தானாக நீள்கிறது. நீட்டக் கூடாது. பந்தை இன்னும் உள்ளே வரவிட வேண்டும்; ஏறக்குறைய வயிற்றுக்கு நேராக வந்ததும், இடுப்பைக் குறைவாகத் திறந்து, வந்த வழியிலேயே வலப்புறம் அனுப்ப வேண்டும். தாழ்வாக வந்தால் மட்டை முனையைத் தொங்கவிடாமல் முழங்காலை மடிக்க வேண்டும். உயரே வந்தால் கைகள் பந்துக்கு மேலே இருக்க வேண்டும்; அக்குளைத் தாண்டி எழும் பந்தாக இருந்தால் ஆசையை விட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் மைதானத்தில் சொல்லும் சொல் ‘அட்ஜஸ்ட்’. “பால் வெளிய போகுது, அட்ஜஸ்ட் பண்ணு” என்ற குரல் ஒரு மாலைக்குப் பத்து முறையாவது கேட்கும். தமிழ்க் குடும்பங்களில் இதைவிட அதிகம் பெண்களிடம் சொல்லப்படும் ஆங்கிலச் சொல் இருக்காது. புகுந்த வீட்டில், பேருந்து இருக்கையில், வேலையிடத்தில், கணவரின் கோபத்தில். அங்கெல்லாம் அதன் பொருள் ஒடுங்கிக்கொள் என்பதுதான். எது வந்தாலும் உன் நிலையை விட்டு நகர்ந்து அதற்கு இடம் கொடு.

மைதானத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. பந்து எங்கே போனாலும் அடிப்பவளின் நிலை மாறுவதில்லை. பாதம், தலை, அச்சு எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாறுவது பந்தைச் சந்திக்கும் புள்ளி. அதை முடிவு செய்பவள் அவள். பந்தைத் துரத்திக் கையை நீட்டினால் சமநிலை போய்விடும். அதைத்தான் பயிற்சியாளர் தவறு என்கிறார். வீட்டில் பாராட்டு வாங்கித் தரும் அசைவு, இங்கே அவுட் ஆக்கிவிடும் அசைவு.

இன்னொன்றும் உண்டு. சன்னலுக்கு வெளியே வரும் பந்துகளை அடிக்காமல் விடலாம். அப்படி நான்கு பந்துகள் வந்தால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்து போகலாம். எனக்கானது இல்லை என்று கண்டு மறுப்பதற்கு இந்த ஆட்டத்தில் பரிசு இருக்கிறது.

வலிமை பற்றிய வாதம் இங்கேதான் கேள்விக்குள்ளாகிறது. 1960களின் தொடக்கத்தில் கனெக்டிகட்டில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில், பேஸ்பாலின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவரான டெட் வில்லியம்ஸுக்கு ஜோன் ஜாய்ஸ் என்ற இளம்பெண் பந்து வீசினார். வில்லியம்ஸால் அவர் பந்துகளைச் சரியாகத் தொட முடியவில்லை. 2004இல் ஜென்னி ஃபின்ச், ஆல்பர்ட் புஹோல்ஸ் உள்ளிட்ட முன்னணி பேஸ்பால் மட்டையாளர்களை வெளியேற்றினார். அந்த ஆண்களுக்கு வலுவில் குறையில்லை. தோளுக்கு மேலிருந்து வரும் பந்துக்கு லட்சம் முறை பழகிய கண்கள், இடுப்பருகே விடுபட்டு மேல்நோக்கி வரும் பந்தைப் படிக்கப் பழகவில்லை. வீசுபவரின் தோளும் கையும் சொல்லும் முன்குறிப்புகளை வைத்துத்தான் மட்டையாளர் பந்தின் இடத்தைக் கணிக்கிறார்; அந்த மொழி அவர்களுக்குப் புதிது. பழகாத உடம்பு யாருடையதானாலும் தடுமாறும். இதை ஒப்புக்கொண்டால், பதினெட்டு வயதில் முதன்முறை மட்டை பிடித்துத் தடுமாறும் பெண்ணைப் பார்த்து இயற்கையைக் காரணம் சொல்ல முடியாது. அவளுக்குக் கிடைக்காமல் போனது பத்தாண்டுப் பழக்கம்.

இற்செறிப்பு

அந்தப் பத்தாண்டு எங்கே போயிற்று என்பதற்கும் நம்மிடம் கலைச்சொல் இருக்கிறது. அகத்திணையில் இற்செறிப்பு என்பார்கள். பருவமடைந்த மகளை, அவள் உடலில் தெரியும் மாற்றத்தைக் கண்டு, தாய் வீட்டுக்குள் காவலில் வைப்பது. தினைப்புனம் நின்றுபோகிறது, தோழியரோடு கடலாடுவது நின்றுபோகிறது, பந்தும் நின்றுபோகிறது. தலைவனைச் சந்திக்க முடியாத ஏக்கமாகவே அதைப் பாடல்கள் பேசுகின்றன. உரைகளும் அப்படியே விளக்குகின்றன. விளையாட முடியாமல் போன ஏக்கமென்று அதைப் படிக்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நான் இப்போது அப்படித்தான் நடத்துகிறேன்.

பாடத்தின் முடிவில் மாணவியரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: நீங்கள் மைதானத்தை விட்டது எந்த வகுப்பில்? கல்லூரிக்கு வந்ததால் என்று சொல்பவர்கள் குறைவு. எட்டாவது, ஒன்பதாவது என்ற விடைகளே அதிகம் வரும். வயசுக்கு வந்ததும் அப்பா வேண்டாமென்றார். பத்தாவது வந்ததும் பி.டி. வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார். மைதானத்தில் கழிப்பறை இல்லை. இருட்டியபின் ஊரப்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்க வேண்டும். அவரவர் காரணம் வேறு. மைதானத்தை விட்ட வயது மட்டும் ஏறக்குறைய ஒன்று.

ஆகவே சாஃப்ட்பால் வீச்சைப் பற்றிப் பேசும்போது நான் கேட்பது பதக்கங்களை அல்ல. பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, ஆறரை மணிக்கு மேல் எரியும் விளக்கு, வாரத்தில் இரண்டு நாளாவது பெண்களுக்கென ஒதுக்கிய மைதானம், எட்டாம் வகுப்பில் கணக்குக்குப் பறிபோகாத விளையாட்டு நேரம். இவை கிடைத்த இடங்களில் உடம்பு மீதியைத் தானே கற்றுக்கொள்கிறது. பதினெட்டில் தொடங்கியவர்கள் இருபதில் வெளிப்பந்தை வலப்புறம் அனுப்புவதை நான் பார்க்கிறேன். பயிற்சி முடிந்து பையையும் மட்டையையும் தோளில் மாட்டிக்கொண்டு தாம்பரம் ரயில் நிலையத்தின் கூட்டத்துக்குள் நுழையும்போது அவர்கள் நடையில் மாற்றம் தெரிகிறது. ஒதுங்கி ஒதுங்கிப் போவதில்லை. கூட்டம்தான் மட்டைக்கு வழி விடுகிறது. அந்த இடைக்கு ஒரு புதிய உவமை வேண்டும். அதைக் கொடியிலிருந்தும் நூலிலிருந்தும் எடுக்க முடியாது. ஆடுகிறவளே எழுதினால்தான் கிடைக்கும்.